மருத்துவ ஆய்வுகூடத்தில் நேரமும் உழைப்பும்

நோயாளியின் குருதி மாதிரியொன்று ஆய்வுகூடத்தில் எங்கே நேரத்தைச் செலவிடுகின்றது? அளவிடும் பொறியினுள் என்றே பலர் கருதுவர். பொறிகளைப் பெருக்கினால் வேகம் பெருகும் என்ற நம்பிக்கை இதன்வழிப் பிறந்தது. மாதிரியின் பயணத்தைப் படிமுறையாக நோக்குவோமாயின் இந்நம்பிக்கையின் குறைபாடு புலனாகும்.

அமெரிக்கரான லெனாட் ஸ்கெக்ஸ் உருவாக்கிய 'ஓட்டோ அனலைசர்' 1957இல் சந்தைக்கு வந்தது. காற்றுக் குமிழிகளாற் பிரிக்கப்பட்ட மாதிரிகள் குழாயினூடே தொடர்ந்தோடின. கையாற் கலந்து அளந்த வேலை பொறிக்கு மாறியது. ஆயின் குருதி எடுத்தல், பெயரிடல், கொண்டுசெல்லல், பிரித்தல் ஆகியன கைவேலையாகவே நின்றன. 1980களின் தொடக்கத்தில் யப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் மசாஹிதே சசாகி மாதிரிகளை நகரும் பட்டையிற் செலுத்தி ஆய்வுகூட வேலைகளை ஒருங்கிணைத்தார்.

எனினும் முதற்கட்டங்களே இன்றும் பலவீனமானவை. இத்தாலியின் பதுவா நகர ஆய்வுகூடமொன்று பற்றிப் பிளெபானியும் கராரோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், கண்டறியப்பட்ட 189 தவறுகளுள் 68.2 சதவீதம் அளவீட்டுக்கு முன்னரும் 13.3 சதவீதம் அளவீட்டின்போதும் நேர்ந்தவை. 2007இல் வெளியான அவர்களது மறு ஆய்விலும் 61.9 சதவீதத் தவறுகள் முன்கட்டத்தைச் சேர்ந்தவையே.

தாமதத்துக்கு ஒரு முக்கிய காரணம், மாதிரிகளைக் குவித்துவைத்துத் தொகுதியாகச் செய்யும் வழக்கமாகும். 24 குழாய்கள் கொள்ளும் சுழற்சிப் பொறி நிறையும்வரை ஊழியர் காத்திருப்பதாகக் கொள்வோம். இரண்டு நிமிடத்துக்கொரு மாதிரி வருமாயின், முதலில் வந்தது 46 நிமிடங்கள் வாளா கிடக்கும். இதற்கிடையில் பிரிக்கப்படாத குருதியின் கலங்கள் குளுக்கோசை உட்கொள்கின்றன. தடுப்புப் பொருள் சேர்க்கப்படாவிடின் அறை வெப்பநிலையில் அது மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறையும். மறுபுறம், அவசரத்திற் கையாள்கையிற் செங்குருதிக் கலங்கள் உடையுமாயின் பொற்றாசியம் பொய்யாக உயரும். ஆகவே தாமதமும் அவசரமும் ஒருங்கே உண்மையைத் திரிக்கின்றன.

பரிகாரங்கள் எளியவை: நோயாளியின் படுக்கையருகிலேயே பெயரிடல், காலையில் ஒருசேரக் குவியும் மாதிரிகளை நேரம் பிரித்து அனுப்புதல், சிறு தொகுதிகளாகச் சுழற்றுதல், வேலை ஒழுங்கின்படி மேசைகளை அமைத்தல். இவற்றை நன்கறிந்தோர் அங்கு தொழில் புரிவோரே.

இங்குதான் அடிப்படை வினா எழுகின்றது. 1911இல் ரெயிலர் வெளியிட்ட 'விஞ்ஞான முகாமை'க் கோட்பாடு, சிந்திக்கும் பணியை முகாமைக்கும் செய்யும் பணியைத் தொழிலாளிக்கும் எனப் பிரித்தது. உழைப்பைக் குறைக்கவல்ல பொறி மூலதனத்தின் கையில் உழைப்பின் செறிவைக் கூட்டுவதை மார்க்ஸ் 1867இலேயே விளக்கினார். மிச்சப்படும் நிமிடங்கள் ஆட்குறைப்பாக மாறின், எஞ்சியோர் மீது அவசரம் சுமத்தப்படும். அவ்வவசரம் மீண்டும் உடைந்த கலங்களாகவும் மாறிய பெயர்களாகவும் வெளிப்படும்.

ஆதலின் ஓர் ஊழியர் மணிக்கு எத்தனை சோதனை செய்தார் என்பதைத் திறனின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. குருதி எடுத்த கணத்திலிருந்து சரியான முடிவு மருத்துவரின் கையை அடையும்வரை கழியும் நேரமே உரிய அளவுகோல். அதனைக் குறைக்கும் வழிகளை வகுப்பதில் ஆய்வுகூட ஊழியர்க்கு முதன்மையான குரல் இருத்தல் வேண்டும் என்பதே நமது முடிபு.