அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் ஆபீஸ் லேப்டாப்பில் கோடிங்: எது முடியும், எங்கே மாட்டும்?

புது வேலையில் முதல் நாள். பைத்தான் இன்ஸ்டால் செய்யப் போனால், அட்மின் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு ‘எப்போ வரும்?’ என்று காத்திருக்க வேண்டியதுதானா? பல டூல்களுக்குத் தேவையில்லை.

விண்டோஸ் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்பது, ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ போன்ற பொது ஃபோல்டர்களில் கை வைக்கும்போதுதான். உங்கள் கணக்கின் ஃபோல்டருக்குள் நிறுவினால் பெரும்பாலும் கேட்காது. வி.எஸ். கோடில் இதற்கென்றே ‘யூசர் இன்ஸ்டாலர்’ உண்டு. பைத்தான் இன்ஸ்டாலரில் அட்மின் உரிமை கேட்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். நோட் ஜே.எஸ்.ஸுக்கு ஸிப் ஃபைலே இருக்கிறது. பிரித்து வைத்து, உங்கள் கணக்கின் ‘பாத்’தில் அந்த ஃபோல்டரைச் சேர்த்தால் ஓடும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். மட்டும் இப்படி மசியாது. முதல்முறை அதை இயக்க அட்மின் கட்டாயம்.

இன்ஸ்டால் ஆகிடுச்சு என்பதற்காக அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ‘ஆப்லாக்கர்’ போட்ட நிறுவனங்களில் உங்கள் ஃபோல்டரில் இருக்கும் புரோகிராமும் திறக்காமல் போகலாம். அதைவிடப் பெரிய வம்பு லைசன்ஸ். டாக்கர் டெஸ்க்டாப் சும்மா டவுன்லோடு ஆகும். ஆனால் 250 ஊழியர்களுக்கு மேல் உள்ள நிறுவனம் என்றால் சந்தா கட்டணும். நீங்கள் தட்டிய ஒரு க்ளிக்குக்கு மேனேஜர் பதில் சொல்ல வேண்டிவரும்.

டிக்கெட் போடும்போதும் ‘அட்மின் வேணும்’ என்று மொட்டையாகக் கேட்காமல் எந்த டூல், எந்தப் பதிப்பு, எந்த வேலைக்கு என்று எழுதுங்கள்.