நெருப்புப்பெட்டிக்குள் அடங்கிய வண்டி

இங்கிலாந்திலே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. நெருப்புப்பெட்டிக்குள் அடங்காத விளையாட்டுப் பொருளை எந்தப் பிள்ளையும் கொண்டுவரலாகாது என்பதே அவ்விதி. ஆசிரியத் தொழில் புரிவோர் அதன் அருமையை உடனே உணர்வர். அங்கே படித்த ஒரு சிறுமியின் தந்தையார் ஜாக் ஓடெல் என்பவர். உலோக வார்ப்பில் வல்லவர். வீதியைச் சமப்படுத்தும் உருளை இயந்திரமொன்றை அவர் பித்தளையில் மிகச் சிறியதாகச் செய்து மகளிடம் கொடுத்தனுப்பினார். அதைக் கண்ட தோழியர் எல்லோரும் தமக்கும் ஒன்று வேண்டுமென்றனர். விதியை மீறாமலே விதியை வென்ற அத்தந்தையின் கைவேலையிலிருந்து, லெஸ்னி என்னுங் கம்பனியின் 'மச்பொக்ஸ்' வரிசை 1953ஆம் ஆண்டிற் பிறந்தது.

பிள்ளைகளுக்கெனத் தோன்றிய இத்தகைய சிறு கார்களை இன்று பெரியவர்களே பெரும் பொருள் செலவிட்டுச் சேர்க்கின்றனர். எம்மிடம் தமிழ் படித்த பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, கண்ணாடி அலுமாரி நிறைய அவற்றைக் காட்டினார். ஒவ்வொன்றுடனும் ஒரு சான்றிதழ் இருந்தது. இத்தனை ஆயிரம் மட்டுமே செய்யப்பட்டன. இது இத்தனையாவது என்று அதில் அச்சிட்டிருந்தது. இவ்வாறு தொகை குறித்து வெளியிடுவனவற்றை 'வரையறுத்த பதிப்பு' என்பர். மகனுடைய மேற்படிப்புக்கு உதவுமென்று பத்தாண்டுகளாக வாங்கிய அவற்றை விற்க முயன்றபோது, கொடுத்த விலையிற் பாதிதானும் கிடைக்கவில்லையாம். "சேர், அருமையானவை என்று அவர்களே அச்சடித்துத் தந்திருக்கிறார்கள். பிறகேன் ஒருவரும் வாங்குகிறாரில்லை?" என்று அவர் கேட்டார். அன்று அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

முதலில் இவை செய்யப்படும் முறையை அறிதல் வேண்டும். எஃகினால் ஈரச்சுகளைக் குடைந்து ஒன்றோடொன்று பொருத்துவர். நாகம் என்னும் உலோகத்துடன் நூற்றுக்கு நான்கு பங்களவு அலுமினியமும், சிறிது மகனீசியமும் செம்பும் கலந்து, ஏறக்குறைய 400 பாகை செல்சியசு வெப்பத்தில் உருக்கி, அவ்வச்சினுள் மிக்க அமுக்கத்துடன் செலுத்துவர். கணப்பொழுதில் அது இறுகிவிடும். அச்சைக் குடைவதற்கே பெருஞ் செலவாகும். குடைந்த பின்னரோ ஒரே அச்சிலிருந்து இலட்சக்கணக்கில் வார்த்தெடுக்கலாம். ஆகவே அருமை என்பது இத்தொழிலின் இயல்புக்கே மாறானது. வரையறுத்த பதிப்பென்பது, பெரும்பாலும், பழைய அச்சில் வார்த்த வண்டிக்குப் புதிய வண்ணமும் புதிய எழுத்தும் பூசி, ஓர் எண்ணிக்கையில் நிறுத்திக்கொள்வதேயாம். ஓடெல் 1982இல் தம் பெயரைத் தலைகீழாக்கி 'லெடோ' என ஒரு கம்பனியைத் தொடங்கினார். பழைய போர்ட் வான் ஒன்றின் அச்சு அங்கே நூற்றுக்கணக்கான வியாபாரிகளின் பெயர்களைத் தாங்கி வெளிவந்தது. அவை அழகியனவே, அதில் ஐயமில்லை. ஆனால் வாங்கியவர் யாவரும் அவற்றைப் பெட்டி திறவாது பேணினர். பத்தாயிரம் செய்து பத்தாயிரமும் பழுதின்றிக் கிடக்குமாயின் அருமை எங்கிருந்து வரும்?

உண்மையான அருமை எவரும் திட்டமிடாமல் வந்தது. லெஸ்னி கம்பனி முடிசூட்டு இரதமொன்றின் பெரிய உருவைச் செய்தபோது, அதனுள் அரசரும் அரசியாரும் வீற்றிருக்குமாறு அச்சை அமைத்தது. 1952 பெப்ரவரியில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் காலமானார். அச்சிலிருந்து மன்னரின் உருவை நீக்கினர்; முழுவதும் நீக்க இயலாமையாற் கால்கள் மட்டும் எஞ்சின! எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு ஆண்டாகிய 1953இல் அதன் சிறிய இரதம் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. மன்னர் முழுமையாய் வீற்றிருக்கும் முதல் இரதங்களோ மிகச் சில. அவற்றுக்கு எவரும் சான்றிதழ் வழங்கவில்லை.

கோர்கி கம்பனி 1965இல் வெளியிட்ட ஜேம்ஸ் பொண்டின் பொன்னிற அஸ்டன் மார்ட்டின் மற்றொரு சான்று. அது பல இலட்சமாகச் செய்யப்பட்டது. கூரை திறந்து ஆசனத்துடன் ஒரு சிறு மனிதன் வெளியே எறியப்படுவான். அவனைத் தொலைக்காத பிள்ளை உண்டா? ஆகவே மனிதனும் பெட்டியும் குறையாத வண்டிக்கே இன்று மதிப்பு மிகுதி. அமெரிக்காவின் 'ஹொட் வீல்ஸ்' 1968இல் தொடங்கியது. அடுத்த ஆண்டு, பின்கண்ணாடி வழியே அலைப்பலகைகள் நீட்டிநிற்கும் வொக்ஸ்வாகன் வான் ஒன்றை அங்கே சோதித்தனர். அகலம் போதாமையால் அது ஓட்டப்பாதையிற் சரிவர ஓடவில்லை. பலகைகளைப் பக்கத்துக்கு மாற்றி அகலமாக்கிய பின்னரே விற்பனைக்கு விட்டனர். தோற்றுப்போன அச்சோதனை வண்டிகளே, அவற்றுள்ளும் இளஞ்சிவப்பு நிறத்தனவே, இன்று யாவரினும் செல்வர் தேடும் பொருளாயின.

அழிவும் அருமையைத் தரும். லிவர்பூல் நகரில் 1934 முதல் 'டிங்கி' என்னும் பெயரோடு வெளிவந்த வண்டிகளுள், போருக்கு முற்பட்டன பல தாமாகவே வெடித்துப் பொடியாகின்றன. வார்க்கும் உலோகத்தில் ஈயம் மிகச் சிறிதளவு கலந்தாலும், ஈரக்காற்றுப் பட்டு மணிகளின் இடையே அரிப்புப் பரவும். வண்டி வீங்கும், வளையும், உதிரும். நாகம் என்பது பாம்பையும் உலோகத்தையும் குறிக்கும் பலபொருளொருசொல் என வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் இந்நோய் என் நினைவுக்கு வரும். இதற்கு மருந்தில்லை. உலர்ந்த இடத்தில் வைத்தாற் சிறிது தாமதிக்கும். நம் ஊர் மாரிகாலம் அதற்கு ஆகாது.

வாங்க விரும்புவோர் வண்ணத்தையும் நன்கு ஆராய்தல் வேண்டும். கம்பனியே பூசியது முதல் வகை. கம்பனியின் இசைவுடன் பிறர் மாற்றியது இரண்டாம் வகை. இசைவின்றி மாற்றியது மூன்றாம் வகை எனச் சேகரிப்போர் வகுத்துளர். மூன்றாம் வகையை முதல் வகையென விற்பாரும் உளர். தேய்ந்த தரையோடு புது மெருகுள்ள மேற்புறம் காணின் ஐயுறுக.

அம்மாணவர் தம் அலுமாரியிற் சிலவற்றை வெளியே எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டதாகப் பின்னர் எழுதியிருந்தார். என் மேசை லாச்சியிலும், வகுப்பிற் பறித்துக் கேட்பாரின்றிக் கிடக்கும் கார்கள் மூன்று உள. ஒன்றின் அடியிலே 'லெஸ்னி, இங்கிலாந்திற் செய்தது' என்றிருக்கிறது. முன் சில்லொன்று இல்லை. உரியவர் இப்போது பேரனைக் கண்டிருக்கக்கூடும், வந்தாற் கொடுத்துவிடுவேன்.