வீட்டுக்காரர் ஆகிறீர்கள் – 6: புரோக்கரிடம் விடலாமா?

கேட்டில் ‘டு-லெட்’ போர்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்து காபி குடித்து முடிப்பதற்குள் போன் அடிக்கும். “சார், வீடு இன்னும் இருக்குங்களா? எவ்வளவு எதிர்பார்க்கறீங்க? நம்மகிட்ட நல்ல ஃபேமிலி பார்ட்டி ரெடியா இருக்கு.” சென்னையில் போர்டைப் பார்த்து முதலில் கூப்பிடுபவர் பெரும்பாலும் வீடு தேடுகிறவராக இருக்க மாட்டார்; புரோக்கராகத்தான் இருப்பார். புதிதாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சரி என்று சொல்வதா, போனை வைத்துவிடுவதா?

முதலில் கூலிக் கணக்கு. குடிவருபவரிடம் ஒரு மாத வாடகை, உங்களிடம் அரை மாதமோ ஒரு மாதமோ என்பது பரவலான வழக்கம். 20,000 ரூபாய் வீட்டுக்கு ஒரு மாதக் கமிஷன் அதிகமாகத் தெரியலாம். ஆனால் வீடு ஒரு மாதம் பூட்டிக்கிடந்தாலும் நஷ்டம் அதே 20,000தான். நீங்களே ஆள் தேடி இரண்டு மாதம் ஆகும் வீட்டுக்கு புரோக்கர் பத்து நாளில் ஆள் கொண்டுவந்தால் கமிஷன் லாபம்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வருமான வரியில் வாடகைக்கு 30% நிலைக்கழிவு உண்டு, கமிஷனை அதற்கு மேல் தனியாகக் கழிக்க முடியாது.

ஆள் பிடித்துத் தருவதில் புரோக்கர்கள் கெட்டிக்காரர்கள். எந்தத் தெருவில் என்ன வாடகை போகிறது என்பது நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வம்பு அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. ஆள் குடிவந்த அன்றே புரோக்கரின் வேலை முடிந்துவிடும். ஐந்தாம் மாதம் வாடகை வராவிட்டால் அவர் போனை எடுக்க மாட்டார். எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பதினோராம் மாதம் குடித்தனம் மாறினால் அவருக்கு மறுபடி கமிஷன். ஒரே குடும்பம் ஆறு வருடம் தங்கினால் உங்களுக்குத்தான் நல்லது, அவருக்கு அல்ல. ரியல் எஸ்டேட் துறையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டமும் இங்கே உதவாது; அது ஏஜென்ட்டுகளைப் பதிவுசெய்யச் சொல்வது மனை, வீடு விற்பனைக்குத்தான். வாடகை புரோக்கர் அதற்குள் வரமாட்டார்.

அவர் நீட்டும் அக்ரிமென்ட்டையும் சற்று உற்றுப் பாருங்கள். பல வருடமாகச் சுற்றிவரும் ஒரே நகல். பெயரும் தொகையும் மட்டும் மாறும். அதில் 11 மாதம் என்று இருக்கும். ஒரு வருடத்தைத் தாண்டிய குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தம் சாட்சியமாக எடுபடாது. ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். “அதெல்லாம் யாரும் செய்யறதில்ல சார்” என்பார் புரோக்கர். நாளைக்குக் காலி செய்யச் சொல்லி கோர்ட் படியேறப் போவது அவர் அல்ல, நீங்கள்.

குடிவருபவரை விசாரிப்பதும் உங்கள் வேலைதான். 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையில் தேடப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரி வாடகை வீடு ஒன்றில் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன்பிறகுதான் குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லிச் சென்னை போலீஸ் உத்தரவு போட்டது. ஆதார் நகலைப் புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆளை நேரில் உட்காரவைத்து, எங்கே வேலை, முன்பு எங்கே குடியிருந்தார், ஏன் காலி செய்தார் என்று பேசுங்கள். சிலர் புரோக்கரை வைத்துக்கொள்வதே வேறு காரணத்துக்காக. நேரில் கேட்கக் கூசும் சாதிக் கேள்வியை அவர் வாயால் கேட்டுக்கொள்ளலாம் என்று! அந்தச் சேவைக்கு ஒரு பைசா கொடுத்தாலும் தண்டம், அசிங்கமும்கூட.

சாவி கொடுக்கும் அன்று புரோக்கர் செய்யாத ஒன்றைச் செய்யுங்கள். இபி மீட்டரின் ரீடிங்கைக் குடிவருபவர் எதிரிலேயே போட்டோ எடுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. இரண்டு மாத பில்லைக் கட்டாமல் அவர் போய்விட்டால் பாக்கி உங்கள் தலையில். கீசர், ஃபேன், குழாய் எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

துபாயிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு தாம்பரத்து ஃபிளாட்டை விடுகிறவருக்கு இதெல்லாம் நடக்காது. அவருக்குத் தேவை புரோக்கர் அல்ல, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள். புதிய சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது; பதிவுப் படிவத்தில் சொத்து மேலாளர் பெயரை எழுத இடமுண்டு. வாடகை வசூல், ரிப்பேர், நோட்டீஸ் எல்லாம் அவர் பொறுப்பு. மாதாமாதம் கூலி கொடுங்கள், அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். வாடகை மட்டும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

உள்ளூரிலேயே இருக்கிறீர்களா? புரோக்கர் ஆளைக் காட்டட்டும், கூலியைக் கொடுத்துவிடுங்கள். தேர்வும் ஒப்பந்தமும் சாவியும் உங்கள் கையில் இருக்கட்டும். அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)