உள்ளி மணக்கும் கடை

கிரான்வில் ரயில் நிலையத்தில் இறங்கினால் யாரிடமும் வழி கேட்கத் தேவையில்லை. கரிப்புகையும் உள்ளி மணமும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகும். உள்ளி என்றால் பூண்டு. முப்பது வருடத்துக்கு மேல் சிட்னியில் இருந்தும் என் யாழ்ப்பாணத்து வாய் மாறவில்லை.

ரயில் எஞ்சினும் பெட்டியும் செய்த தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர் கிரான்வில். 1992-இல் நான் வந்திறங்கியபோது, அங்கே ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில்தான் இரவு வேலை கிடைத்தது. பக்கத்து இயந்திரத்தில் நின்றவர் லெபனானின் வடக்கே உள்ள திரிப்போலிக்காரர். ஒரு விடியற்காலை, வேலை முடிந்து வெளியே வரும்போது, "பசிக்கிறதா? யல்லா!" என்று இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு உட்கார்ந்த கடையில் இன்றைக்கும் உட்கார்கிறேன்.

மொத்தம் எட்டு மேசை. மேசைக்கு மேல் மெழுகுச்சீலை. சுவரில் லெபனானின் பால்பெக் கோயிலில் மிஞ்சி நிற்கும் ஆறு தூண்கள், படத்தில் வெயில் பட்டு நீலமாகிப் போயிருக்கின்றன. உட்கார்ந்த உடனே, கேட்காமலே ஒரு தட்டு வரும்: ஊறுகாய் போட்ட டர்னிப் கிழங்கு, ஒலிவ் காய், பச்சை வெங்காயம், புதினா. டர்னிப் கிழங்கின் ரோசா நிறத்தைப் பார்த்து முதல்நாள் பயந்தே போனேன். சாயம் இல்லையாம், பீட்ரூட் துண்டு ஒன்றைச் சேர்த்துப் போட்டால் நிறம் தானாக ஏறிவிடுமாம். இந்தத் தட்டுக்குக் காசில்லை.

அந்த விடியலில் சாப்பிட்டது ஃபூல். காய்ந்த பாக்லா அவரையை இரவெல்லாம் சின்ன நெருப்பில் வேகவிட்டு, உள்ளி, எலுமிச்சை, சீரகம் சேர்த்து மசித்து, மேலே ஒலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். கரண்டி தேடினேன். நண்பர் சிரித்துவிட்டு, மெல்லிய ரொட்டியைக் கிழித்து, மடித்து, அள்ளிக் காட்டினார். சோற்றைக் கையால் பிசைந்து வளர்ந்தவனுக்கு அதைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

கடையை நடத்துபவரை எல்லோரும் 'ஹஜ்ஜே' என்பார்கள். மக்கா போய்வந்த மூத்த பெண்ணுக்கு அவர்கள் தரும் மரியாதைப் பெயர். மகன் கரி அடுப்பில், மருமகள் காசு மேசையில், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மேசை துடைக்க. தட்டை வைக்கும்போது ஹஜ்ஜே 'சஹ்த்தேன்' என்பார். 'இரட்டை ஆரோக்கியம்' என்று அர்த்தம்.

இந்தக் கடையின் உயிர் 'தூம்'. அரபியில் உள்ளிக்கும் அதே பெயர்தான், அதில் செய்யும் வெள்ளைச் சாந்துக்கும் அதே பெயர்தான். கரியில் வாட்டிய கோழிக்கு அது இல்லாவிட்டால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். நான் முட்டையும் பாலாடையும் சேர்த்ததாக நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. உள்ளிப் பல்லின் நடுவில் இருக்கும் பச்சை முளையைக் கிள்ளி எறிந்து, உப்புச் சேர்த்து மையாக அரைத்து, எண்ணெயை நூல் மாதிரி விடவேண்டும், இடையிடையே எலுமிச்சைச் சாறு. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் குணம் உள்ளிக்கே உண்டு. ஒலிவ் எண்ணெய் கைக்கும் என்று இதற்கு மணமில்லாத எண்ணெய்தான் பாவிப்பார்கள். நான் வீட்டில் மூன்று தரம் செய்து மூன்று தரமும் திரிந்துபோனது. "எண்ணெயை எப்படி விட்டாய்?" என்று ஹஜ்ஜே கேட்டார். காட்டினேன். "அது விடுவதில்லை, கொட்டுவது" என்றார்.

ஹுமுஸ் என்பதும் கொண்டைக்கடலையின் பெயர்தான். அவித்த கடலையை அரைத்து, எள்ளு விழுதும் எலுமிச்சையும் உள்ளியும் சேர்த்தது. அது யாருடைய பண்டம் என்று லெபனானுக்கும் இஸ்ரேலுக்கும் பெரிய வழக்கே உண்டு. 2010-இல் லெபனானியர் ஒரே தட்டில் 10,452 கிலோ ஹுமுஸ் செய்து கின்னஸ் சாதனை வைத்தார்கள். அவர்கள் நாட்டின் பரப்பும் 10,452 சதுர கிலோமீட்டர்! இங்கே ஹஜ்ஜேயின் கவலை வேறு. கடலையை முதல்நாள் இரவே அப்பச்சோடா போட்டு ஊறவைத்தார்களா, தோல் கழன்றதா என்பதுதான். "கடலைக்கு ஓர் இரவு வேண்டும். காசு கொஞ்சம் போதும்" என்பார். அவர் கடையின் கணக்கே அதுதான். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, கருகும் எல்லைவரை பொரித்த வெங்காயம் தூவிய முஜத்தராவும் அப்படித்தான். லெபனானின் கிறிஸ்தவர்கள் தவக்காலத்தில் விரும்பிச் சாப்பிடும் ஏழைச் சாப்பாடு அது. இறைச்சியைக் குறைவாக வைத்து, வீட்டு ஆட்களின் உழைப்பைக் கூடுதலாகப் போட்டால், மஞ்சள் மேற்சட்டையோடு வரும் கட்டட வேலைக்காரர் 20 டாலருக்குள் வயிறு நிறைந்து எழும்பலாம்.

லெபனானியர் இந்த நாட்டுக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வரத் தொடங்கியவர்கள். பெருங்கூட்டமாக வந்தது, 1975-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு. 1976-இல் ஆஸ்திரேலியா அவர்களுக்காக விதிகளைத் தளர்த்தியது. தொழிற்சாலை வேலையும் மலிவு வாடகையும் இருந்த லக்கெம்பா, பங்க்ஸ்டவுன், கிரான்வில் பக்கம் குடியேறினார்கள். இலங்கையின் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் வந்தார்கள். கிரான்வில்லில் இருந்து அதே தண்டவாளத்தில் நாலு ஸ்டேசன் தள்ளினால் வென்ட்வொர்த்வில், அங்கே தோசையும் கொத்துரொட்டியும்.

போரைப் பற்றி ஹஜ்ஜேயும் நானும் பெரிதாகக் கதைத்ததில்லை. ஒருநாள் கடையில் கரன்ட் போனது. மெழுகுதிரி தேடிக்கொண்டே, "உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மூடியில் துளை போட்டுத் திரி ஏற்றியதைச் சொன்னேன். "திரி எவ்வளவு நீளம்?" என்றார். விரலில் காட்டினேன். தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

என் மனைவியை முதன்முதல் கூட்டிப்போனபோது தபூலே வந்தது. பார்ஸ்லி இலையைப் பொடியாக அரிந்து, தக்காளி, வெங்காயம், கொஞ்சம் ஊறவைத்த கோதுமை நொய், எலுமிச்சை சேர்த்தது. "இதென்னப்பா, எங்கட வல்லாரைச் சம்பல்!" என்றாள். இலையை அவ்வளவு பொடியாக அரிந்த கையை மெச்சினாள். ஆனால், இரண்டாவது வாயிலேயே தீர்ப்பு வந்துவிட்டது: "தேசிக்காய்ப்புளி கூடிப்போச்சு."

போன மாதம் அவள் வல்லாரைச் சம்பல் அரிந்து, ஒரு டப்பாவில் போட்டு, "உங்கட ஹஜ்ஜேக்குக் குடுங்கோ" என்று தந்துவிட்டாள். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். ஹஜ்ஜே மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். வெள்ளையாய்த் தெரிந்தது தேங்காய்ப்பூ என்று சொன்னேன். ரொட்டியைக் கிழித்து, மடித்து, ஓர் அள்ளு அள்ளி வாயில் வைத்தார். கண்ணை மூடி மெதுவாக மென்றார். பேரப்பிள்ளைகள் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல கை" என்றார். பிறகு சொன்னார்: "எலுமிச்சை காணாது."

வீட்டுக்கு வந்து முதல் பாதியை மட்டும் சொன்னேன்.