மச்சான் பெயரில் பங்கு!

"மச்சான், ஷேர் உம் பேர்ல இருக்கட்டும். பணம் என்னோடது!" மயிலாப்பூரிலோ தி.நகரிலோ கம்பெனி தொடங்கும்போது காதில் விழுகிற வசனம்தான்.

பெயர் ஒருவர், பணம் வேறொருவர் என்றால் இருவருமே 30 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது, 2013 கம்பெனிச் சட்டத்தின் 89-வது பிரிவு. மறந்தால் 50 ஆயிரத்தில் தொடங்கி 5 லட்சம் வரை அபராதம். அதைவிடப் பெரிய அடி வேறே. நாளைக்கு மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டால், 'பங்கு என்னுது' என்று நிஜ முதலாளி உரிமை கோர முடியாது. அவர் வாரிசாலும் முடியாது!

பெரிய இடமும் தப்பாது. மறைமுகமாகக் கம்பெனியை ஆட்டிவைப்பவரும் தன்னைத் தெரிவிக்க வேண்டும் என்பது 90-வது பிரிவு. லிங்க்டுஇன் இந்தியக் கம்பெனி விவகாரத்தில் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவுக்கே 2024 மே மாதம் 2 லட்சம் அபராதம் போட்டார் டெல்லிப் பதிவாளர்.

மச்சான் தங்கமானவர்தான். ஆனாலும், அந்தக் காகிதத்தைக் கொடுத்துடுங்க சார்!