எம்.எஸ். நோயும் மூளையின் கையிருப்பும்

தாளின் மேற்பகுதியில் ஒன்பது குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எண். கீழே அதே குறியீடுகள் வரிசை கலைந்து கிடக்கும். 90 விநாடிக்குள் எத்தனை குறியீடுகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., நோயாளிகளின் சிந்தனை வேகத்தை அளக்கும் பரிசோதனை இது. கைகால் நன்றாக இயங்கி, வேலைக்கும் போய்வருகிறவர்கள்கூட இதில் திணறுவதுண்டு.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே தாக்குவதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும். பெண்களுக்கே அதிகம் வருகிறது. பார்வை மங்கல், மரத்துப்போதல், தள்ளாட்டம், தீராத அசதி எனப் பல முகங்கள் இதற்கு உண்டு.

கரையும் சேமிப்பு

வயது ஏற ஏற எல்லோர் மூளையும் சுருங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 0.1 முதல் 0.4 சதவீதம். சிகிச்சை பெறாத எம்.எஸ். நோயாளிக்கு இது 0.5 முதல் 1.35 சதவீதம்வரை போகும். ஒரு பாதை பழுதானால் மூளை வேறு பாதையில் வேலையை முடித்துக்கொள்கிறது. அந்தக் கையிருப்பு உள்ளவரை பாதிப்பு வெளியே தெரியாது, தீர்ந்தபிறகுதான் தெரியும். கேவின் ஜியோவன்னோனி தலைமையிலான நிபுணர்கள் 2015-இல் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று வலியுறுத்தியது இதனால்தான். புதிய தாக்குதலைத் தடுப்பது மருந்தின் வேலை. இருக்கிற கையிருப்பு வேறு வழியில் ஒழுகாமல் காப்பது அன்றாடப் பழக்கங்களின் வேலை.

இரத்த அழுத்தமும் சிகரெட்டும்

எம்.எஸ். என்றதும் பலரும் விசேஷ உணவுத் திட்டத்தைத் தேடுகிறார்கள். கவனிக்க வேண்டியவையோ நமக்குப் பழகியவைதான். வட அமெரிக்க நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 2010-இல் வெளியானது. நோய் கண்டறியப்பட்டபோதே இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் போன்றவை இருந்தவர்களுக்கு, நடக்கத் துணை தேவைப்படும் நிலை சுமார் 6 ஆண்டுகள் முன்னதாகவே வந்தது. நோய் தெரிந்தபிறகும் புகைத்தால், ஒவ்வோர் ஆண்டும் நோய் அடுத்த கட்டத்துக்கு நகர்வது விரைவுபடுகிறது என்கிறது 2015-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு. இப்போது விட்டாலும் பலன் உண்டு.

உடம்பு சூடானால்

நடைப்பயிற்சியில் பத்து நிமிடம் போனதும் கண் மங்கும், கால் கனக்கும். நோய் முற்றுகிறதென்று பயந்து பலர் பயிற்சியையே நிறுத்திவிடுகிறார்கள். உறை தேய்ந்த நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சமிக்ஞை தடுமாறும். 1890-இல் இதை விவரித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃபின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும். புதிய சேதம் ஏதுமில்லை. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எனவே நம் ஊர் வெயிலில் நேரத்தை மாற்றுவதே வழி. விடிகாலை நடை, கழுத்தில் ஈரத்துண்டு, கையில் குளிர்ந்த நீர், இடையிடையே ஓய்வு. வாரம் 150 நிமிடத்தை இலக்காக வைத்து, முடிந்ததிலிருந்து தொடங்கலாம்.

உறக்கம், தண்ணீர், வாசிப்பு

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும்தான் மிஞ்சும். தொற்றால் காய்ச்சல் வந்தால் பழைய அறிகுறிகள் எல்லாம் தலைதூக்கும். பகலில் போதிய அளவு குடித்து, படுக்கப் போகும்முன் குறைப்பது நல்லது. தூக்கக் கெடுதியும் மனச்சோர்வும் மறதியை மேலும் கூட்டும். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. வாசிப்பு, இசை, கைவேலை என மூளைக்கு வேலை கொடுத்து வந்தவர்களின் நினைவாற்றல் இந்த நோயைக் கூடுதலாகத் தாக்குப்பிடிப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

எம்.எஸ். நோயாளியின் கோப்பில் எம்.ஆர்.ஐ. படங்கள் தவறாமல் இருக்கும். கடைசியாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்த தேதி இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த முறை போகும்போது முதலில் கேட்க வேண்டியது அதுதான்.