கொசுவலைக்குச் சீட்டுப் போட்ட கிராமங்கள்



கொசுவலைக்கென்று காணிக்கை அனுப்புகிறவர்கள், “இந்த வலை மெய்யாகவே பிள்ளைகளின் உயிரைக் காக்கிறதா?” என்று கேட்பது நியாயமே. 1990-களில் ஆப்பிரிக்காவில் இதற்கு விடை தேடியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பெர்மெத்ரின் மருந்தில் தோய்த்த வலையில் உட்காரும் கொசு செத்துப்போகும். கொசு குறைந்தால் வலையில்லாத அடுத்த வீட்டுக்கும் நன்மைதான்! ஆகையால் வீட்டுக்கு வீடு ஒப்பிட்டால் கணக்கு பிசகிவிடும். கிராமம் கிராமமாகப் பிரித்து, எவற்றுக்கு வலை என்று சீட்டுப் போட்டார்கள். வேதத்தில் சீட்டுப் போடுதலை வாசித்திருக்கிறோம். இங்கேயும் ஆள் பார்க்காமல் இருப்பதற்கே அது. வசதியான, ஆஸ்பத்திரிக்கு அருகான ஊர்களையே தெரிந்துகொண்டால், பிள்ளை பிழைத்தது வலையாலா, வசதியாலா என்று யார் சொல்வது?

எதை எண்ணுவது? அநேகம் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு வருமுன் வீட்டிலேயே மரித்துப்போனார்கள். மலேரியாவா, நிமோனியாவா என்று நிச்சயிக்க வழியில்லை. எனவே வீடுவீடாகச் சென்று, எந்தக் காரணத்தால் மரித்திருந்தாலும் கணக்கில் எழுதினார்கள். 1993 முதல் 1995 வரை கானாவின் வடகோடியில், கசேனா-நன்கானா மாவட்டத்தை 96 பகுதிகளாக்கி 48-க்கு வலை கொடுத்ததில், ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணம் 17 சதவீதம் குறைந்தது. கென்யாவின் கிலிஃபியில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் மரணம் 33 சதவீதம் குறைந்தது.

அப்படியானால் வலை கிடைக்காத ஊர்களின் பிள்ளைகள்? மனச்சாட்சியை உறுத்தும் கேள்வி. விடை அன்று ஒருவருக்கும் தெரியாது என்பது உண்மை. அந்த ஊர்த் தாய்மாருக்கு அது ஆறுதலாகாது என்பதும் உண்மை. மேற்குக் கென்யாவின் அசெம்போ, கெம் பகுதிகளில் முதலில் பாதிக் கிராமங்கள் வலை பெற்றன. மீதிக் கிராமங்களுக்கு 1999-ல் கொடுத்தார்கள். வலை பெற்ற ஊர்களிலிருந்து 300 மீட்டருக்குள் இருந்த, வலையில்லாத வீடுகளிலும் பிள்ளைகளின் மரணம் குறைந்திருந்தது அங்கேதான் தெரியவந்தது. பத்து வீட்டுக்குக் கொடுப்பதைவிட ஊர் முழுவதற்கும் கொடுப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

அன்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலையை மருந்தில் தோய்க்க வேண்டியிருந்தது. இன்று மருந்து சேர்த்தே வலை தயாராகிறது. ஆனால் பல இடங்களில் பெர்மெத்ரின் வகை மருந்து கொசுக்களுக்குப் பழகிப்போயிற்று. அதற்காகத் தான்சானியாவில் 2019-ல் தொடங்கிய ஆய்வில் மறுபடியும் கிராமங்களுக்குச் சீட்டுப் போட்டார்கள். இந்தமுறை எல்லாக் கிராமங்களுக்கும் வலை கிடைத்தது. பழைய வகையா, புதிய வகையா என்பதற்கே சீட்டு.